சின்ன விமானத்தில் பாண்டிக்குப் போய் ஒரு ராத்திரி தங்குவது: சேலத்திலிருந்து கிளம்புகிறவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பி.பி.எல். (சொந்தமாகப் பறக்கும் விமானி உரிமம்) வாங்கியாகிவிட்டது, சேலத்தில் கிளப் செஸ்னா 172 (நாலு பேர் உட்காரும் சின்ன விமானம்) கிடைக்கும், கூட இரண்டு நண்பர்கள். மதியம் கிளம்பி, கடலோரமாக ஓர் ஊரில் இறங்கி, ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்ப வேண்டும். கடலூரா பாண்டியா, எந்த மாதம் நல்லது, வழி எப்படி, கரையோரமாக ஒரு சுற்று சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கடலூர். நான் கடலூர்க்காரன், இங்கே இறங்க இடம் இருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன், ஆனால் கிடையாது. தேவனாம்பட்டினம் கடற்கரை மேலிருந்து பார்க்க நீளமாக, சமமாகத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது, மணல் தாங்காது, சட்டமும் விடாது. வரைபடத்தில் நெய்வேலியில் என்.எல்.சி.யின் தளம் ஒன்று தெரியும், உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று தெரியும். இரண்டையும் இந்தப் பயணத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆக, பாண்டிதான். லாஸ்பேட்டை விமான நிலையம், ரன்வே 07/25 (07 என்றால் கிழக்குப் பக்கம் பார்த்து ஓடுவது, 25 என்றால் அதே பாதையில் மேற்குப் பக்கம் பார்த்து), நீளம் சுமார் 1,500 மீட்டர். 172-க்கு மே மாத வெயிலிலும் தாராளமாகப் போதும். கடலூர் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அங்கிருந்து ரோட்டில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் போகிற வழியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடலோரத்தில் ராத்திரி தங்கும் பயணத்தை மறுநாள் காலையிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறுநாள் எத்தனை மணிக்கு, எந்தப் பெட்ரோலில், எந்த வானிலையில், எந்த அனுமதியோடு கிளம்புவீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அதற்குப் பதில் இல்லையென்றால் போகவே வேண்டாம். போவது எப்போதும் சுலபம், ஏனென்றால் உங்கள் சொந்த ஊரில், உங்கள் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்), உங்கள் மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது கிளம்புகிறீர்கள். திரும்பும்போது அந்த மூன்றும் இருக்காது.

பெட்ரோலிலிருந்து ஆரம்பிப்போம். பாண்டியில் ஏவ்கேஸ் (இந்த மாதிரி விமானத்துக்கான பெட்ரோல்) நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏவ்கேஸ் நம் நாட்டில் சில இடங்களில்தான் கிடைக்கும், அதுவும் பல இடங்களில் டிரம்மில் வரும் சரக்கு. 2022 வரைக்கும் முழுக்க இறக்குமதிதான், அந்த வருஷம் செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரிக்க ஆரம்பித்தது. ஆகவே போகவும் வரவும் தேவையானதைச் சேலத்திலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். உங்கள் விமானம் 172எஸ் என்றால் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 200 லிட்டர். மணிக்கு 35, 38 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, தரையில் ஓட்டுவது, ஏற்றம் எல்லாம் சேர்த்து நூறு, நூற்றுப்பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும். மிச்சம் தொண்ணூறு லிட்டர், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாண்டியில் இறங்க முடியாமல் போனால் சேலத்துக்கே திரும்பவோ திருச்சிக்குப் போகவோ அது போதும்.

ஆனால் டேங்கை நிரப்பினால் எடை இடிக்கும். 172எஸ்-ஸின் அதிகபட்ச புறப்பாட்டு எடை 1,157 கிலோ. வெறும் விமானம் 760 கிலோ என்று வைத்தால் (உங்கள் விமானத்தின் எடைத்தாளில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் வேறுபடும்), நிறைந்த டேங்க் சுமார் 144 கிலோ, மிச்சம் 250 கிலோ. 75 கிலோ ஆள் மூன்று பேர் உட்கார்ந்தால் கையில் இருப்பது 25 கிலோதான். அதில் கயிறு, கவர், ஆயில், தண்ணீர் எல்லாம் போக, ஆளுக்கு ஒரு சின்னப் பை. நண்பர்களிடம் இதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டிராலி பெட்டியோடு வந்து நிற்பார்கள். நாலாவது ஆள் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் வாங்கி ஊற்றலாமே என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். கூடவே கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், ரப்பர் சீல்களைக் கெடுக்கும், உங்கள் இஞ்சினுக்கு அதற்கு அனுமதியும் இல்லை.

அடுத்தது நேரம். பாண்டி பெரிய விமான நிலையம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் டவர் இருக்காது. 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோவின் ஏ.டி.ஆர். பயணி விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஓட ஆரம்பித்தது. இப்படிப்பட்ட நிலையங்களில் வாட்ச் அவர் (டவர் வேலை செய்யும் நேரம்) பெரும்பாலும் ஏர்லைன்ஸ் நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், அட்டவணை மாறும்போது அதுவும் மாறும். சேலமும் அதே கதைதான். ஆகவே இரண்டு ஊரின் நோட்டாமையும் (விமானிகளுக்கான அறிவிப்பு) பாருங்கள், அதோடு நிற்காமல் பாண்டி விமான நிலைய அலுவலகத்துக்குப் போன் பண்ணி, இன்ன தேதி இன்ன விமானம் ராத்திரி நிறுத்தப்போகிறோம், மறுநாள் இத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று சொல்லி, எழுத்திலும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்துமிடம் சிறியது, ஏ.டி.ஆர். வரும் நேரத்தில் உங்களை எங்கே ஒதுக்குவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். வாட்ச் அவருக்கு வெளியே வேண்டுமென்றால் நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு.

நம் நாட்டில் வி.எஃப்.ஆர். விமானம் (கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி பறப்பது) சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் வானத்தில் இருக்கக் கூடாது, காலையிலும் சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால்தான் ஆரம்பம். ஜனவரியில் பாண்டியில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும். நீங்கள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் மூன்றேகாலுக்குப் பாண்டி. அங்கே ஏதோ காரணத்தால் இறங்க முடியாமல் அப்படியே திரும்பினாலும் நாலரைக்குச் சேலம், வெளிச்சம் மிச்சமிருக்கும். நாலு மணிக்குக் கிளம்பினால் இந்த வசதி போய்விடும். ஆகவே மதியச் சாப்பாட்டை இழுக்காதீர்கள்.

ஃப்ளைட் பிளான் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. சென்னை ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும், விமானப்படை தரும் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண்ணும் கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது, திரும்பும்போதும் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும். முதல் நாளே மறுநாள் பிளானைத் தயார்பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

வழியைப் பற்றி. வரைபடத்தில் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து லாஸ்பேட்டைக்கு நேர்கோடு போட்டால் சுமார் 103 நாட்டிக்கல் மைல்தான், ஆனால் அந்தக் கோடு கிளம்பியவுடனேயே சேர்வராயன் மலையில் போய் முட்டும், ஏற்காட்டுக்கு மேலே 5,300 அடிச் சிகரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. நிறைந்த டேங்கோடு மூன்று பேரை வைத்துக்கொண்டு மதிய வெயிலில் 172 மெதுவாகத்தான் ஏறும், மலை மேல் குலுக்கலும் இருக்கும். நான் சொல்வது: சேலம் ஊருக்குத் தெற்கே வந்து, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, நடுவில் அகலமான பள்ளத்தாக்கு, கீழே ரோடு, ரயில் பாதை, ஏரிகள். பிறகு கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், பாண்டி. மொத்தம் 120 மைலுக்குள். போகும்போது 5,500 அடி, வரும்போது 4,500 அல்லது 6,500. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வலது பக்கம் தூரத்தில் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும், பார்வைக் கோட்டில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் போக வேண்டாம். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, திருச்சிக்குத் திரும்பினால் மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

பாண்டியை நெருங்கும்போது அடையாளத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே ஊசுட்டேரி பெரிய வெள்ளித் தகடாகக் கிடக்கும், வடக்கே ஆரோவில் மாத்ரிமந்திரின் தங்க உருண்டை வெயிலில் மின்னும், பின்னால் கடல். ஆனால் அந்த ஏரிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடமும். ரன்வே 07-க்கு இறங்கும் கோடு கிட்டத்தட்ட ஊசுட்டேரியின் மேலேயே போகிறது. அது பறவைகள் சரணாலயம், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் நிறைய வரும். காலையிலும் சாயங்காலமும் கூட்டமாக எழும். இறங்கும்போது ஏரி மேல் உயரம் இழக்க அவசரப்படாதீர்கள், லேண்டிங் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணை வெளியே வையுங்கள்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும். பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து, 10, 12 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) அடிக்கும். 07-ல் இறங்கும்போது அது வலது பக்கமிருந்து சாய்வாக வரும், 130 டிகிரியிலிருந்து 12 நாட் என்றால் குறுக்குக் காற்று பத்து நாட். 172-ஐத் தயாரித்தவர்கள் சோதனையில் இறக்கிக் காட்டிய அளவு 15 நாட், ஆகவே முடியாதது இல்லை, ஆனால் சேலத்தில் அமைதியான காலைகளில் மட்டும் பறந்து பழகியவருக்கு அது புதிதாக இருக்கும். போவதற்கு முன் ஒரு பயிற்றுநரோடு குறுக்குக் காற்றில் பத்து இறக்கம் போட்டுவிட்டு வாருங்கள். சாயங்காலம் 07-ல் இறங்குவதில் ஒரு வசதி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்.

மாதம் எது என்று கேட்டீர்கள். ஜனவரி பொங்கலுக்குப் பிறகு மார்ச் நடுவரை. அதுதான் இந்தக் கரைக்குச் சிறந்த காலம். ஏப்ரல், மே பறக்கலாம், வெப்பமும் குலுக்கலும் நண்பர்களுக்கு வாந்தி வரவைக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும், 25 நாட் எதிர்காற்று என்றால் திரும்ப ஒன்றரை மணிக்கு மேல் ஆகும், அதோடு சாயங்காலங்களில் உள்நாட்டில் இடிமேகம் கட்டிக் கரைப்பக்கம் நகர்ந்து வரும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய, தயவுசெய்து, திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி ராத்திரி தங்கும் எண்ணமே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரையேறியது. எங்கள் மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. 2020-ல் நிவர் மரக்காணம் பக்கம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் பாண்டி பக்கத்திலேயே. ஃபெஞ்சல் ஒரே நாளில் பாண்டியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஒரு டன்கூட எடையில்லாத விமானத்தை மூன்று கயிற்றில் கட்டிவிட்டு அந்த மாதிரி ராத்திரியில் எந்த ஓட்டலிலும் தூக்கம் வராது.

நல்ல மாதத்திலும் கிளம்புவதற்கு முன் காரைக்கால், சென்னை ரேடார் இரண்டையும் பாருங்கள், வங்கக்கடலில் எங்கேயாவது காற்றழுத்தத் தாழ்வு என்ற பேச்சு வந்தாலே தேதியை மாற்றுங்கள்.

அப்புறம், விமானத்தின் ராத்திரி. ஹேங்கர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் தனித்தனிக் கயிறு, மூன்று சக்கரத்துக்கும் கட்டை, கன்ட்ரோல் லாக் (காற்றில் சுக்கான்கள் ஆடாமல் பிடிக்கும் பூட்டு), பிட்டாட் கவர் (வேகம் அளக்கும் குழாய்க்கு மூடி), இஞ்சின் முன்பக்கத் துவாரத்துக்கு அடைப்பான், எல்லாம் உங்கள் பையில் இருக்க வேண்டும். கட்டுவதற்கு வளையம் இருக்கிறதா என்று போனில் பேசும்போதே கேளுங்கள். கயிற்றை இறுக்கி வில் மாதிரி இழுக்காதீர்கள், கொஞ்சம் தளர்வு வேண்டும், நனைந்தால் சில கயிறு சுருங்கும். மூக்கைக் கிழக்கே திருப்பி நிறுத்த விட்டால் நல்லது. வெளியில் ராத்திரி நிறுத்துவது காப்பீட்டில் அடங்குமா என்று கிளப்பில் முன்பே கேட்டுவிடுங்கள்.

லாஸ்பேட்டை கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுமாருக்குத்தான். ராத்திரி பனியோடு உப்பும் சேர்ந்து படியும். காலையில் முன்கண்ணாடி மங்கலாக இருக்கும், உடனே துணியை எடுத்துத் தேய்க்காதீர்கள். அது அக்ரிலிக், காய்ந்த உப்பு மணல்தாள் போல் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை இறக்குங்கள், பிறகு மெத்தென்ற சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். இதற்காகவே இரண்டு லிட்டர் குடிநீர் பாட்டில் இரண்டு, பாண்டி ஊருக்குள்ளேயே வாங்கிக்கொண்டு போகலாம். டேங்க் கால்வாசி காலியாக ராத்திரி நின்றதால் உள்ளே ஈரம் தண்ணீராகச் சேர வாய்ப்புண்டு, ஆகவே காலையில் ஒவ்வொரு வடிகாலிலும் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துப் பாருங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள், தண்ணீர் வந்தால் சுத்தமாகும் வரை திரும்பத் திரும்ப எடுங்கள்.

தங்குவது பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. லாஸ்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலை ஆட்டோவில் இருபது நிமிடம், வெள்ளைப் பகுதியில் (ஒயிட் டவுன்) எந்தத் தெருவில் தங்கினாலும் நடந்து போய்விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நிம்மதியாக நடக்கலாம். சனி ஞாயிறைத் தவிருங்கள், பெங்களூரும் சென்னையும் அன்றைக்குப் பாண்டியில்தான் இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். மாசிமகத்தன்று போனால் வைத்திக்குப்பம் பக்கம் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரும், பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் ரோடு நகராது, அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள். காலை ஆட்டோவை ராத்திரியே பேசி வையுங்கள்.

பாண்டி என்றதும் நண்பர்கள் எதைக் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் பைலட் மது தொடக் கூடாது என்பது விதி, ஊதிப் பார்க்கும் சோதனையில் பூஜ்யம்தான் வர வேண்டும். சாயங்காலம் ஆறரைக்குக் குடித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அந்த ராத்திரி நீங்கள் தொடவே வேண்டாம். நண்பர்களும் அளவோடு இருக்கட்டும், பின்சீட்டில் தலைவலியோடு உட்காருகிறவர் மலைப்பக்கம் வரும்போது உங்களுக்குத்தான் வேலை வைப்பார். அதேபோல் ராத்திரி இறால், நண்டு என்று புதுக் கடையில் பரிசோதனை செய்யாதீர்கள். காலையில் இட்லி போதும்.

திரும்பும் காலை. ஜனவரி, பிப்ரவரியில் விடிந்ததும் கிளம்ப நினைக்காதீர்கள். பாண்டியில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், விழுப்புரம் தாண்டினால் ஏரிகள் மேல் மூடுபனி எட்டு, எட்டரை வரை கிடக்கும், உங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் பார்வை வேண்டும். தவிர, அந்த நேரத்தில் 07-ல் கிளம்பினால் சூரியன் கண்ணில் அடிக்கும், 25-ல் கிளம்பினால் பறவைகள் எழும் நேரத்தில் நேராக ஊசுட்டேரி. ஒன்பது மணி என்று வைத்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் குறையும், நண்பர்களும் கடற்கரையில் சூரிய உதயம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டு வரலாம். வெயில் மாதங்களில் மட்டும் இது மாறும், அப்போது வாட்ச் அவர் விடுகிற அளவுக்குச் சீக்கிரம் கிளம்புங்கள்.

கரையோரச் சுற்று ஆசையை நான் தடுக்கப் போவதில்லை, திரும்பும் வழியில் வையுங்கள், காற்று அமைதியாக இருக்கும். பாண்டியிலிருந்து தெற்கே கடலூர் வரை ஏழெட்டு நிமிடம், சுண்ணாம்பாறு முகத்துவாரம், தென்பெண்ணை கடலில் கலக்கும் இடம், கெடிலம், முதுநகர் துறைமுகம் எல்லாம் வரிசையாக வரும், அங்கிருந்து மேற்கே திரும்பி உளுந்தூர்பேட்டையைப் பிடிக்கலாம், நெய்வேலிப் புகைபோக்கிகள் இந்தத் தடவை இடது பக்கம், போதிய தூரம் விடுங்கள். இதை ஃப்ளைட் பிளானிலேயே எழுதிவிடுங்கள், மேலே போன பிறகு டவரிடம் கேட்கிற விஷயம் இல்லை இது. ஒரே இஞ்சின், ஆகவே கடல் மேல் வெளியே போகாதீர்கள். 2,000 அடியிலிருந்து இஞ்சின் நின்றால் காற்றில்லாத நிலையில் 172 மூன்று மைல்தான் மிதக்கும். கரை எப்போதும் இறக்கைக்குக் கீழேயே இருக்கட்டும். வடக்கே மரக்காணம் தாண்டிப் போகவே வேண்டாம், கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கும் பக்கம் அது. விமானத்திலிருந்து படம் எடுக்கவும் அனுமதி வேண்டும், விமான நிலையத்துக்குள்ளும் அப்படித்தான். செல்போனைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

சேலத்தில் இறங்கியதும் அன்றைக்கே விமானத்தை முழுசாக நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். இறக்கை முன்விளிம்பு, ப்ரொப்பெல்லர், சக்கரப் பக்கம், வயிற்றுப் பகுதி, கீல்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாயை பேரிங் பக்கம் காட்டாதீர்கள். காய்ந்த பிறகு கீல்களுக்கும் கன்ட்ரோல் இணைப்புகளுக்கும் எண்ணெய் போடச் சொல்லி, ராத்திரி கடலோரம் நின்றது என்று விமானப் பதிவேட்டின் டெக்னிக்கல் பக்கத்தில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேதி முடிவானதும் உங்கள் விமானத்தின் எடைத்தாளையும் வழியையும் இங்கே போடுங்கள், நானும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறேன்.